தழும்பு முன் முக்கோணத்தில் இருந்தது

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி டாக்டரின் கைராசியைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். புதிதாகக் கட்டியிருக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கு அந்த டாக்டரின் பெயரை வைக்கிறார்களாம். திறப்பு விழாவுக்கு ஊழியர்கள் ஒரு மலர் போடுகிறார்களாம். அவரோடு தியேட்டரில் நின்றவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தானாம். வந்திருந்த தம்பிகள் இருவரும் நல்ல பிள்ளைகள். "ரெண்டு பக்கம் போதும்ங்க. அவரு கை பட்டு ஒரு கேசும் கெட்டதில்லைன்னு சொல்லுவாங்கள்ல, அதை நீங்க பாத்தது பாத்தபடி எழுதிக் குடுங்க" என்றார்கள்.

பார்த்தது பார்த்தபடி என்றால் சரி, எழுதுகிறேன். ஒரு கேஸ் கெட்டது. கேஸ் கெடுவது உலகத்தில் இல்லாத விஷயம் இல்லை. கெட்ட பிறகு செய்த காரியம்தான் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறவில்லை. இது இரண்டு பக்கத்தில் அடங்காது. இடம் போதாவிட்டால் டாக்டர் படத்தைச் சின்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். அன்னவாசல் பக்கம் பிறந்து, மீசை முளைக்குமுன் வீட்டைவிட்டுக் கிளம்பியவன். தூத்துக்குடியில் உப்பு அள்ளினேன். ராமேஸ்வரம் லைனில் தண்டவாளத்துக்குச் சல்லி கொட்டினேன். மதுரையில் ஓட்டலில் மாவாட்டினேன். ஒரு சர்க்கஸ் கம்பெனியில் கூடாரம் அடித்தேன். எந்த இடத்திலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. யாரோடும் சண்டை கிடையாது. ஒரே சுவரைத் தினமும் பார்க்க என்னால் முடியாது, அவ்வளவுதான். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நான் கீரனூரில் லாரி கிளீனர். அப்போது பிடரியில் பிளவைக் கட்டி வந்தது. தலையை அசைக்க முடியாமல், மூட்டைமேல் குப்புறப் படுத்தே இரண்டு நாள் வண்டியில் போனேன். லாரிக்காரர் என்னை ஒரு தர்ம ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுச் சரக்கோடு போய்விட்டார். போனவர் திரும்பி வரவில்லை.

அந்த ஆஸ்பத்திரி எது என்று மலரை வாங்குகிற உங்களுக்குத் தெரியும். வெளியாள் யாராவது படித்தால் தெரிய வேண்டாம் என்று ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன். திருமயம் பக்கத்துச் செட்டியார் குடும்பம் ஒன்று கட்டி நடத்தியது. டாக்டர்தான் என் பிளவையைக் கீறினார். ஆறிய பிறகு எனக்குப் போக இடமில்லை, இரண்டு வேளைச் சோறு அங்கே இருந்தது. வராந்தா துடைக்க ஆரம்பித்தேன். தியேட்டர் அட்டெண்டர் ரங்கூனுக்கே திரும்பிப் போகிறேன் என்று கிளம்பியபோது அவர் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். ஒன்பது வருஷம் நின்றேன். என் ஆயுளில் ஒரே கூரைக்குக் கீழே அத்தனை நாள் இருந்தது அங்கேதான்.

டாக்டரைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். சத்தம் போட மாட்டார். யாரையும் அடித்ததில்லை. முழங்கைவரை சோப்புப் போட்டுக் கை கழுவும்போது உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே கழுவுவார். எண்ணிக்கை முடிவதற்குள் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். தையல் போட்டால் புடவைக் கரை மாதிரி இருக்கும். அவரிடம் ஒரு பழக்கம். நோயாளியோடு நேராகப் பேச மாட்டார். "தலையைத் திருப்பச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார். நான், "தலையைத் திருப்புங்க" என்பேன். நோயாளி, "வலிக்குதுங்க" என்பார். அது டாக்டர் காதில் விழுந்தாலும் விழாத மாதிரி நிற்பார். நான், "வலிக்குதாம் ஐயா" என்ற பிறகுதான் அவருக்கு அது வலி. ஒரு கை தூரத்தில் படுத்திருப்பவரின் பேச்சு என் வாய் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் அவரிடம் போகும். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிப்போயிற்று. பழகியிருக்கக் கூடாது.

எங்கள் பக்கத்தில் அப்போது கழுத்தில் கட்டி கட்டியாக வருகிற கண்டமாலை அதிகம். டி.பி. கிருமியால் வருவது. வாரத்தில் இரண்டு பேராவது கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். அதனால் டாக்டர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பக்கவாட்டில் பார்த்த கழுத்துப் படம் ஒன்றை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்துவைத்திருந்தார். வருகிற ஒவ்வொருவர் கேஸ் ஷீட்டிலும் அதைக் குத்தி, கட்டி இருக்கிற இடத்தில் வட்டமும் பழைய தழும்பு இருக்கிற இடத்தில் புள்ளியும் போட வேண்டும். அந்த வேலையை எனக்குப் பழக்கினார். படிக்காதவனுக்கு இது போதும் என்று நினைத்திருப்பார். எனக்கு அது பெரிய பள்ளிக்கூடமாக இருந்தது.

மலரை வாசிக்கிறவர்களில் டிரைவரும் சமையல்காரரும் இருப்பார்கள். அவர்களுக்காகக் கழுத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. கண்ணாடி முன்னால் நில்லுங்கள். முகத்தை இடது பக்கம் திருப்புங்கள். வலது காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பு மேட்டிலிருந்து நெஞ்சுக் குழிவரை ஒரு சதை விறைத்துக்கொண்டு சரிவாக இறங்கும். அதற்கு இங்கிலீஷில் நீளமான பெயர், என் வாயில் நுழையவில்லை. கமலையில் தண்ணீர் இறைக்கும்போது வடம் இப்படித்தான் விறைக்கும், அதனால் அதை நான் வடம் என்றே சொல்லிவந்தேன். டாக்டரும் கொஞ்ச நாளில் என்னிடம் வடம் என்றே சொல்ல ஆரம்பித்தார். வடத்துக்கு முன்னால், தாடைக்கும் தொண்டைச் சங்குக்கும் நடுவில் இருப்பது முன் முக்கோணம். வடத்துக்குப் பின்னால், தோளுக்குச் சரிகிற சதைக்கும் கீழே காறை எலும்புக்கும் நடுவில் இருப்பது பின் முக்கோணம். முன்னதற்குள் நாலு அறை, பின்னதற்குள் இரண்டு அறை. எச்சில் சுரப்பி இருக்கிற அறை, நாடி துடிக்கிற அறை என்று ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் காட்டித்தான் சொல்லிக் கொடுத்தார். காட்டியது என் கழுத்தில்தான்.

பின் முக்கோணத்தைக் காட்டியபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இங்க ஒரு நரம்பு குறுக்கே போகுது. மேலாக்கப் போகுது, நூல் மாதிரி. தோளைத் தூக்குறதே அதுதான். கத்தி அதைத் தொட்டா தோள் துள்ளும். எனக்குத் துணிக்கு மேல தெரியாது. தோள் ஒன் கையிலதான் இருக்கும். துள்ளினா ஒடனே சொல்லு, நான் நிறுத்திடுவேன்."

ஆபரேஷன் சமயத்தில் என் வேலை அதுதான். தோளைக் கீழ்ப்பக்கமாக இழுத்துப் பிடித்தால் கழுத்து விரிந்து கொடுக்கும். பெரிய கட்டி தவிர மற்றதெல்லாம் மரத்துப்போகிற ஊசிதான், மயக்கம் கிடையாது. ஒரு தடவை கீரனூர் வாத்தியார் ஒருவருக்குத் தோள் துள்ளியது. "துள்ளுது ஐயா" என்றேன். கத்தியை எடுத்துவிட்டு, விளக்கைக் கிட்டே இழுக்கச் சொல்லி, அந்த நூலைத் தேடிக் கண்டுபிடித்து ஒதுக்கிவைத்துவிட்டு வேலையை முடித்தார். அந்த வாத்தியார் அதன் பிறகும் கரும்பலகையில் உச்சிவரை எழுதினார். இதையும் எழுதத்தான் வேண்டும். தெரியாத டாக்டர் தப்புச் செய்தால் எனக்கு இத்தனை கோபம் வராது.

அடைக்கி என்று ஒருத்தி, குளத்தூர் பக்கத்துக் கல்குவாரியில் கூடை தூக்குகிறவள். முப்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. வலது பக்கம் பின் முக்கோணத்தில் எலுமிச்சை அளவு கட்டி. முதல் நாள் கேஸ் ஷீட் போடும்போது பார்த்தேன், தாடைக்குக் கீழே, வடத்துக்கு முன்னால், மூன்று பழைய சூட்டுத் தழும்பு வரிசையாக இருந்தது.

"இது எப்ப வச்சது?"

"சின்னப் புள்ளையில, பன்னெண்டு வயசு. இதே மாதிரி கட்டி, இங்கிட்டு முன்னால. எங்க ஆத்தா மஞ்சக் கொம்பைச் சுட்டு வச்சுச்சு. வச்சுட்டு என்னையவிட அதுதான் பெருசா அழுதுச்சு. கட்டி அமுங்கிருச்சுல்ல."

மூன்று புள்ளி வைத்தேன். வடத்துக்கு முன்னால். என் பேனாப் பிடி முரட்டுப் பிடி, புள்ளி வைத்தால் தாளின் மறுபக்கம் தட்டும்.

ஆபரேஷன் அன்று காலையில் பிடரி முடியை மழித்தேன். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏண்ணே, கழுத்துக்கு வைத்தியமா, எனக்கு மொட்டையா? பூராத்தையும் எடுத்துட்டா எங்க மேஸ்திரி ஆம்பளைன்னு நெனச்சுக் கூலிய ஏத்திக் குடுப்பாரு. எடுங்க, எடுங்க" என்றாள். தியேட்டர் அங்கியைத் தலை வழியாகப் போட வேண்டும். கையைத் தூக்கச் சொன்னேன். இரண்டு கையும் காதை ஒட்டி நேராக மேலே போயின. கூடை தூக்கித் தூக்கி உருண்ட கை. இதை என் கண்ணால் பார்த்தேன். நர்ஸம்மாவும் பார்த்தார்கள்.

அன்று பார்த்து முதலாளி வீட்டுச் சம்பந்திகள் மெட்ராஸிலிருந்து ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்திருந்தார்கள். மூன்று நாலு பேர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு தியேட்டருக்குள்ளேயே நின்றார்கள். மத்தியானம் அவர்களுக்கு விருந்து. டாக்டர் அன்றைக்குக் கை கழுவும்போது எண்ணவில்லை, பேசிக்கொண்டே கழுவினார். வெட்டும்போதும் இங்கிலீஷில் அவர்களுக்கு விளக்கிக்கொண்டே இருந்தார். கை தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

நான் மேஜையின் வலது பக்கம் தோள்மாட்டில் நின்றேன். அடைக்கியின் முகத்தைத் துணி மூடியிருந்தது. துணிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "அண்ணே, தோளு தன்னால வெட்டுது."

அவள் சொல்வதற்கு முன்பே என் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. ஈரக் கோணிக்குள் தவளை துள்ளுகிற மாதிரி ஒரு துள்ளல்.

"ஐயா, தோள் துள்ளுது."

டாக்டர் பேச்சை நிறுத்தவில்லை. இங்கிலீஷுக்கு நடுவில் இரண்டு வார்த்தை தமிழில் சொன்னார். "இறுக்கிப் பிடி."

கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுபடி துள்ளியது. குரலை உயர்த்தி, "ஐயா, துள்ளுதுங்க. அதுவும் சொல்லுது, நானும் பாக்குறேன்" என்றேன். விருந்தாளிகளில் ஒருவர் ஏதோ கேட்டார், இன்னொருவர் சிரித்தார். டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பிடிக்கிறதுதான் ஒன் வேலை. பிடிக்கத் தெரியலைன்னா சொல்லு, வேற ஆளைக் கூப்பிட்டுக்கிறேன்."

பிடித்தேன். உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து அமுக்கினேன். மூன்றாவது துள்ளல் லேசாக வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. தோள் என் கைக்குள் சாதுவாகக் கிடந்தது. அப்பாடா, அடங்கிவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

கட்டி உடையாமல் முழுசாக வந்தது. தட்டில் வைத்து விருந்தாளிகளுக்குக் காட்டினார்கள். புடவைக் கரை மாதிரித் தையலும் போட்டார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

எட்டாம் நாள் தையல் பிரித்ததும் அடைக்கி கொண்டை போடப் போனாள். வலது கை நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. இன்னொரு தரம் தூக்கினாள், அங்கேயே நின்றது. "என்னண்ணே இது, கையி எனக்கு வேலை பாக்க மாட்டேங்குது" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இரண்டு தோளையும் காதுவரை குலுக்கச் சொன்னேன். இடது தோள் போயிற்று. வலது தோள் ஆணி கழன்ற சட்டம் மாதிரித் தொங்கியது. டாக்டரிடம் சொன்னேன். வந்து பார்த்தார். அவள் அங்கே உட்கார்ந்திருக்க, என்னிடம், "கட்டுப் போட்டிருந்த இறுக்கம், போகப் போகச் சரியாகும்னு சொல்லு" என்றார். நான், "சரியாயிருமாம்" என்றேன். தெரிந்தே சொன்னேன்.

இரண்டு மாசம் கழித்து வந்தாள். சிரிப்பு இல்லை. வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. கூடையைத் தலைக்கு ஏற்ற முடியவில்லை. இரண்டு பேர் ஏற்றிவிட்டாலும் பிடித்துக்கொள்ள முடியவில்லை. மேஸ்திரி அவளை நடிக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார். கொஞ்சம் இரக்கம் உள்ள ஆளும்தான் போலிருக்கிறது. "கை தூக்காதுன்னு ஆஸ்பத்திரியில சீட்டு வாங்கியா. ஒக்காந்து சல்லி ஒடைக்கிற எடத்துல போடுறேன். சீட்டு இல்லேன்னா அந்த எடத்துக்கு ஆளு காத்துக்கிட்டு நிக்கிது" என்றாராம். வெள்ளிக்கிழமைவரை தவணை.

அந்தச் சீட்டு இருந்தால் அவளுக்குச் சோறு, இல்லாவிட்டால் இல்லை. உடம்பைத் தவிர அவளிடம் வேறு எதுவும் கிடையாது. நான் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர், "தூக்காதுன்னு எழுதினா ஏன் தூக்காதுன்னும் எழுதணும்" என்றார். அவளுடைய கேஸ் ஷீட்டை எடுத்துவரச் சொன்னார். அவள் மறுநாள் வரட்டும் என்றார்.

மறுநாள் மேஜைமேல் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று சீட்டு, கையெழுத்துப் போட்டுத் தயாராக. இன்னொன்று தமிழில் எழுதிய வாக்குமூலம். "ரேகை வைக்கச் சொல்லு. சீட்டைக் கொடுத்திடலாம்" என்றார். அடைக்கி என்னைப் பார்த்தாள். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். சிறு வயதில் தாயார் கழுத்தில் சூடு போட்டதால் நரம்பு பழுதுபட்டு, ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பே வலது கையைத் தூக்க இயலாத நிலையில் இருந்தேன் என்று எழுதியிருந்தது.

பக்கத்தில் கேஸ் ஷீட் இருந்தது. புது ஷீட். புதிதாகக் குத்திய ஸ்டாம்பு. மூன்று புள்ளி, நேர்த்தியான சின்னப் புள்ளி, தாளின் மறுபக்கம் தட்டவே தட்டாது. மூன்றும் வடத்துக்குப் பின்னால் இருந்தன.

இந்தப் படத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். முன் அறை எது, பின் அறை எது என்று என் கழுத்தைத் தொட்டுக் காட்டியவர். ஒரு பெண்பிள்ளையின் உடம்பில் இருக்கிற தழும்பைப் பேனாவால் நகர்த்தி வைத்துவிட்டார். கட்டியோடு நரம்பையும் வெட்டியது அவசரம், பெருமை, என்னவோ ஒன்று. இது அவசரம் இல்லை. உட்கார்ந்து, ஸ்டாம்பைக் குத்தி, மை காயவிட்டு, நிதானமாகச் செய்தது.

"ஐயா, தழும்பு முன்னால இருக்கு" என்றேன்.

"கருப்பையா, நீ எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்க?"

"நாலாவதுங்க."

"அப்ப நாலாவது படிச்சவன் மாதிரி இரு."

அடைக்கி அப்போதும் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். "எங்க ஆத்தா என் கைய மொடமாக்கிருச்சுன்னு நான் ரேகை வைக்கணுமாண்ணே?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"எங்க ஆத்தா சூடு வச்சதுக்கப்புறம் பதினெட்டு வருசம் இந்தக் கையாலதான் கல்லு தூக்குனேன். அவருகிட்டச் சொல்லுங்க, நான் வைக்க மாட்டேன்னு."

சொன்னேன். அவள் பேச்சை அவரிடம் கொண்டுபோனதில் எனக்கு முழுச் சந்தோஷம் இருந்த ஒரே தடவை அதுதான். டாக்டர் சீட்டை எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்து மூடினார்.

வியாழக்கிழமை காலையில் நான் லீவு கேட்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு கீரனூர் வழியாகப் போகிற பஸ்ஸில் திருச்சிக்குப் போனேன். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வெளி நோயாளிகள் வரிசையில் மத்தியானம்வரை நின்றோம். உள்ளே ஒரு டாக்டரம்மா இருந்தார்கள். வயசு குறைவுதான்.

"என்னம்மா செய்யுது?"

அடைக்கி என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"அவரைப் பார்க்காதம்மா. ஒன்னைத்தான் கேக்குறேன்."

அவள் டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா முகத்தை இடது பக்கம் திருப்பச் சொன்னார்கள், வடம் விறைத்தது. சூட்டுத் தழும்பு மூன்றையும் தொட்டுப் பார்த்தார்கள். ஆபரேஷன் தழும்பைத் தொட்டுப் பார்த்தார்கள். நடுவில் வடத்தின்மேல் விரலை ஓட்டினார்கள். "சூட்டுக்கும் இந்தத் தோளுக்கும் சம்பந்தமே இல்லையே. இது முன்னால இருக்கு. நரம்பு பின்னாலல்ல போகுது" என்றார்கள். ஒன்பது வருஷம் படித்த பாடத்துக்கு எனக்குப் பரீட்சை பாஸ் ஆனது அன்றைக்குத்தான். சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

"நரம்பு மறுபடி சேருமாம்மா?" என்று நான் கேட்டேன்.

"உடனே தெரிஞ்சு பார்த்திருந்தா ஏதாவது முயற்சி பண்ணியிருக்கலாம். இப்ப கஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் சீட்டு எழுத ஆரம்பித்தார்கள். எழுதிக்கொண்டே, யாரிடம் என்று இல்லாமல் கேட்டார்கள். "வெட்டும்போது தோள் துள்ளியிருக்குமே. யாரும் கவனிக்கலையா?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"துள்ளுச்சும்மா" என்றாள் அடைக்கி. "நான் சொன்னேன். இந்த அண்ணனும் சொன்னாரு. அப்பறம் இந்த அண்ணன்தான் அமுக்கிப் புடிச்சாரு."

அவள் குரலில் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். டாக்டரம்மா நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி எழுதினார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள், நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் கீரனூரை நெருங்கியது. "அடைக்கி, நான் சொல்லத்தானே செஞ்சேன், ரெண்டு தரம் சொன்னேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"சொன்னீங்கண்ணே. இல்லேன்னா சொல்றேன்? ஒங்க வாயி எங்கிட்டு இருந்துச்சு, என் பக்கம். கையி அவரு பக்கம்ல இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். சீட்டை முந்தியில் முடிந்துகொண்டு குளத்தூர் போகிற பஸ்ஸுக்கு மாறிப் போனாள்.

மேஸ்திரி இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர். சீட்டில் இருந்த முத்திரையைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. அவளுக்கு உட்கார்ந்து சல்லி உடைக்கிற இடம் கிடைத்தது. சுத்தியலை இடது கையால் பிடிக்கப் பழகிக்கொண்டாள். கொண்டையைப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் யாராவது போட்டுவிடுவார்களாம். இதை அங்கே போய்வந்த லாரிக்காரர் ஒருவர் சொல்லித்தான் கேட்டேன். நான் நேரில் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போனேன். டாக்டர் தியேட்டரில் இருந்தார். நான் உள்ளே நின்றேன், அவர் கை கழுவிக்கொண்டிருந்தார், எண்ணிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு நர்ஸம்மாவிடம், "அவனை நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லு" என்றார். நான் ஒரு கை தூரத்தில்தான் நின்றேன். நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வர வேண்டாமாம், கருப்பையா" என்றார்கள். ஒன்பது வருஷம் அடுத்தவர்களுக்கு நான் செய்த வேலை என்ன என்று அப்போது விளங்கியது.

அதற்குப் பிறகு கும்பகோணம், காரைக்குடி, திண்டுக்கல் என்று எத்தனையோ தியேட்டரில் நின்று ரிடையர் ஆனேன். இரண்டு இடத்தில் என்னை வாய்க்கொழுப்பு என்று வெளியே அனுப்பினார்கள். கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் தெருவில் படுப்பது எனக்குப் புதிது இல்லை.

அந்த டாக்டர் பெயரைத் தியேட்டருக்கு வைப்பதை நான் தடுக்கப்போவதில்லை, தடுக்க நான் யார். அவரால் பிழைத்தவர்கள் நிறைய. என் பிடரியும் அவர் கை பட்டு ஆறியதுதான். ஆனால் ஒரு கேசும் கெட்டதில்லை என்று மலரில் போடாதீர்கள். அப்படிப் போட்டால் ஒரு தாயார் தன் மகள் கையை முடமாக்கினாள் என்றுதான் அர்த்தம். ரிக்கார்டு அறையில் பழைய கேஸ் ஷீட்டுகள் கரையானுக்குத் தப்பியிருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் புள்ளி எங்கே இருந்தாலும் சரி, தழும்பு முன் முக்கோணத்தில் இருந்தது.

மலர் வேண்டும் என்று வந்த தம்பிகளுக்கு ஒன்று. புதுத் தியேட்டரிலும் மேஜையின் வலது பக்கம் தோள்மாட்டில் ஒருவர் நிற்க வேண்டியிருக்கும். அது உங்களில் ஒருவராகத்தான் இருப்பார். தோள் துள்ளினால் முதலில் கையை எடுங்கள். எடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.